ஜிம்மியின் மூக்கில் அட்டை

எனக்கு எட்டு வயதில், எங்கள் நாய் ஜிம்மிக்கு ஒரு பக்க மூக்கால் இரத்தம் வரத் தொடங்கியது. அட்டைதான் என்பதில் வீட்டில் எவருக்கும் ஐயமில்லை. உன்னிச்சைக் குளத்தில் வாய் வைக்கும் மாட்டுக்கும் நாய்க்கும் அட்டை மூக்கில் ஏறுவது உண்டு. ஜிம்மியோ அப்பாவோடு வயல் வட்டைக்குப் போனால், காவல் காத்ததைவிடக் குளத்தில் கிடந்ததுதான் அதிகம்.

அட்டையை எடுக்க அப்பாவிடம் ஒரு முறை இருந்தது. நாய்க்குக் காலையிலிருந்து தண்ணீர் காட்டாமல் கட்டிவைப்பார். பின்னேரம் மூக்கடியில் தண்ணீர்ச் சட்டியைப் பிடிப்பார். தண்ணீருக்கு அட்டை தலை நீட்டும்போது, வழுக்காமலிருக்கச் சாம்பல் தொட்ட விரலால் பிடித்து இழுக்க வேண்டும். "தண்ணி குடிச்ச நாய்க்கு அட்டை வெளிய வராது புள்ள" என்று எனக்கும் சொல்லித்தந்தார்.

அட்டை வரவில்லை. ஜிம்மியின் முகம் ஒரு பக்கமாக வீங்கியது. அது செத்துவிடுமோ என்ற பயத்தில் நான் சோறு தின்ன மறுத்து அழுதேன். கடைசியில், மட்டக்களப்பு மிருக வைத்தியர் சொன்னபடி, கண்டிப் பக்கம் ஸ்கான் எடுக்கப் போனோம். "மனுசருக்கே கிடைக்குதில்ல, நாய்க்கு ஸ்கான்!" என்று வான் வண்டியில் ஏறும்வரை அம்மா முணுமுணுத்தார். ஜிம்மிக்குப் போர்த்தத் தன் சேலையொன்றைத் தந்ததும் அவர்தான்.

ஜிம்மியை மயக்கிப் படம் எடுத்தார்கள். திரையில் அதன் மூக்கு குறுக்கே வெட்டிய மாதிரித் தெரிந்தது. ஒரு பக்கம் கறுப்புப் பொந்து, அதற்குள் சுருண்ட மெல்லிய வெள்ளைக் கோடுகள். மறு பக்கம் மெழுகிய சுவர்போல ஒரே சாம்பல் நிறம்.

"அந்தா அட்டை! சுருண்டு கிடக்கு!" என்று துள்ளினேன்.

படத்தைக் காட்டிய டொக்டர் அம்மா சிரிக்கவில்லை. "அது நல்ல பக்கம் பிள்ளை. காத்துப் போற இடம் கறுப்பாத்தான் தெரியும். அந்தச் சுருள் மூக்கெலும்பு. மற்றப் பக்கத்தைத்தான் ஒரு கட்டி வளந்து அடைச்சிட்டுது."

பிறகு அப்பாவிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். 'கண்ணுக்குப் பின்னால' என்பது மட்டும் எனக்குக் கேட்டது. அட்டை கிடக்கும் பக்கம் நல்லதாம், ஒன்றுமேயில்லாத பக்கம் கெட்டதாம். இவ்வளவு படித்தவருக்கு இது விளங்கவில்லையே என்று எனக்குத் தலை சுற்றியது.

"அப்ப அட்டை?" என்று திரும்பும் வழியில் வானுக்குள் கேட்டேன்.

"இரிக்கி" என்றார் அப்பா, வெளியே பார்த்தபடி.

வீட்டுக்கு வந்த பிறகும் பின்னேரங்களில் சட்டியோடும் சாம்பலோடும் அவர் ஜிம்மியிடம் குந்தினார்.

"வருமா அப்பா?"

"வரும் புள்ள. பாத்துக்கொண்டு இரி."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டொக்டர்தான் பிழை, அப்பா சரி. ஜிம்மி சட்டித் தண்ணீரை நக்கி நக்கிக் குடித்து முடிக்க, அப்பா மறுபடி நிரப்பினார். அதைக் காலையிலிருந்து தாகத்தோடு கட்டிவைப்பதை ஸ்கான் எடுத்து வந்த அன்றே அவர் விட்டுவிட்டார் என்பது எனக்கு அப்போது உறைக்கவேயில்லை.