ஆமை பேசிய சுவரொட்டி

பைண்டிங் கடைக்காரர், 1957–2021. அலுவலகப் பேரேடுகளுக்கும் பாடப்புத்தகங்களுக்கும் அட்டை கட்டுவது அவர் தொழில். தொலைக்காட்சிக் கார்ட்டூன் தொடர்களின் விளம்பரச் சுவரொட்டிகளை மலிவாக வாங்கிச் சேர்ப்பது அவர் பழக்கம். தெருவில் அவருக்கு ‘ஆமை’ என்று பட்டப்பெயர். வேலையில் மந்தம் என்பதால் அல்ல, அவர் வாங்கியவற்றில் பெரும்பாலும் ஆமைப் படமே இருந்ததால்.

அவர் மனைவி கார்ட்டூன் பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்தவர். பேருந்து ஓட்டும் ஆமையொன்று அவர் குரலில்தான் பேசியது. மகள் பிறந்த மறு ஆண்டு மஞ்சள் காமாலையில் மனைவி இறந்தார். பின்னர் அத்தொடரை வேறொருவர் குரலில் பதிவு செய்தார்கள். பழைய ஒலிநாடாக்களை அழித்து வேறு நிகழ்ச்சிகளுக்குப் பயன்படுத்தினார்கள். வீட்டில் அவர் குரல் ஒரு சொல்லும் மிஞ்சவில்லை.

சில சுவரொட்டிகளின் மூலையில் பொத்தான் இருந்ததாகவும், அழுத்தினால் ஆமை பேசும் என்றும், அது முதலில் பேசிய மனைவியின் குரல்தான் என்றும் ஒலிப்பதிவுக் கூடத்தில் பணிபுரிந்த ஒருவர் சொன்னார். அன்றிலிருந்து எந்தச் சுருளை எடுத்தாலும் பைண்டரின் கட்டைவிரல் மூலையைத் தடவிப் பார்க்கும்.

2016 ஆகஸ்டில், பழைய காகிதக் கடையில், அந்தப் பொத்தான் விரலில் தட்டுப்பட்டது.

“பேரப்பிள்ளைக்கா அண்ணே?” என்றார் காகிதக் கடைக்காரர்.

“பேரன் இன்னும் வரல. வர்ற வரைக்கும் நான் பார்த்துட்டு இருக்கேன்.”

நேரே கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் போய்ப் புது பேட்டரி போட்டார். “ஏறுங்க, ஏறுங்க, அவசரமே இல்ல” என்றது ஆமை.

“என்னண்ணே, கண்ணு கலங்குது?”

“தூசிப்பா. கடையைப் பெருக்கி எத்தனை வருஷமாச்சு?”

வெளியூரில் வேலை பார்த்த மகளுக்குத் தொலைபேசினார். “ஞாயித்துக்கிழமை வா பாப்பா. உங்கம்மா குரலைக் கேக்கலாம்.”

“இப்பவே போன்ல கேக்க வைங்களேன்பா.”

“போன்ல கரகரன்னு இருக்கும். முதல் தடவை கேக்குற, நேர்லயே கேளு.”

பல்லாண்டு சுருண்டு கிடந்த தாள், விரித்தால் மீண்டும் சுருண்டது. மகள் வரும்போது சுவரில் நேராகத் தொங்க வேண்டும் என்று அவர் விரும்பினார். சுருண்ட தாளை அழுத்துப்பொறியில் இரு பலகைகளுக்கு நடுவே வைத்து இறுக்குவது நாற்பதாண்டுக் கைப்பழக்கம். சனிக்கிழமை கடையை மூடுமுன் அவ்வாறே வைத்து, திருகை முழுவதும் முறுக்கிவிட்டுப் போனார். பொத்தானைப் பற்றிய நினைவு கைக்கு எழவில்லை.

காலையில் பொறியைத் திறந்தபோது தாள் மடிப்பின்றி இருந்தது. பொத்தான் தட்டையாகியிருந்தது.

“பேட்டரி போச்சுன்னா மாத்தலாம்ணே. உள்ள குரல் பதிஞ்சிருக்குற சில்லே நொறுங்கிப்போச்சு,” என்றார் பழுதுபார்ப்பவர்.

மகள் வந்தாள். நடந்ததைச் சொன்ன பிறகும் பொத்தானைச் சில முறை அழுத்திப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் அமர்ந்து, “அம்மா எப்படிச் சொல்வாங்க? நீங்க சொல்லிக் காட்டுங்க,” என்றாள்.

அவர் தொண்டையைச் செருமி, குரலைச் சன்னமாக்கிச் சொன்னார்.

“இது உங்க குரல்தான்பா.”

“ஆமா பாப்பா. வேற குரலுக்கு நான் எங்க போவேன்?”

அதன்பின் அவர் சுவரொட்டி எதுவும் வாங்கவில்லை. மகள் வரும்போதெல்லாம் கேட்பாள். அவரும் சற்று உயர்த்தியோ இழுத்தோ சொல்லிப் பார்த்து, தலையசைத்து நிறுத்திக்கொள்வார். அவர் கடைசியாக அவ்வாறு சொல்லிப் பார்த்தது 2021 பிப்ரவரி 21, ஞாயிற்றுக்கிழமை.