வேலை முடிந்தால் எங்கே போவது

"மலையில கரண்ட் அப்படித்தான் இருக்கும்" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் காது மடல் சூடாகிறது. முதலில் அப்படிச் சொன்னவர் நான் வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கும் சென்னை நிறுவனத்தின் மேலாளர். பழுது உண்மையில் எங்கே இருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். அது எனக்கு அவ்வளவு பெருமையான சேதி இல்லை.

ஜவ்வாது மலையில் எங்கள் ஊர் மகளிர் குழுவுக்குச் சாமையின் உமி நீக்கும் இயந்திரம் ஒன்று வந்திருந்தது. அதுவரைக்கும் மூட்டையைப் பேருந்தில் ஏற்றி மலையடிவாரத்து ஒடுகத்தூருக்கு இறக்க வேண்டும். அதற்கே ஒரு பகல் போய்விடும். இல்லையென்றால் உரலும் தோள்வலியும். இயந்திரம் எங்கள் நிறுவனத்தின் தயாரிப்பு. அதற்குள் இருக்கும் உள்ளங்கை அகல மின்னணுப் பலகைக்கு நிரல் எழுதியவன் நான். "மிஷினோட மூளை நம்மளுது" என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். யாரும் கேட்காமலேயே.

அந்த மூளையால் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்ய முடியும். ஆனால் மோட்டாரைப் பார்க்க வேண்டும், உமி ஊதும் விசிறியைப் பார்க்க வேண்டும், எடை பார்க்க வேண்டும், திரையில் எழுத வேண்டும். ஒவ்வொரு வேலையையும் ஓர் இழை என்போம். ஓர் இழையைப் பாதியில் நிறுத்தி, அதன் கையில் இருந்த எண்களையெல்லாம் அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் பத்திரமாக வைத்துவிட்டு, அடுத்த இழை முன்பு வைத்துவிட்டுப் போனதை எடுத்துக் கையில் கொடுத்து, "நீ விட்ட இடம் இதுதான், தொடரு" என்று தள்ளிவிட வேண்டும். நொடிக்கு நூறு முறை. இதற்கு ஆயத்த நிரல்கள் கிடைக்கும். நான் எடுக்கவில்லை. நானே எழுதினேன். இருபது வரி. அடக்கமாகச் சொன்னால், அழகான இருபது வரி.

புதிதாகப் பிறக்கும் இழையிடம் மட்டும் கொஞ்சம் ஏமாற்று வேலை உண்டு. அதற்கு விட்ட இடம் என்று ஒன்றுமே கிடையாது. ஆகவே, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்து நடுவில் நின்றதைப் போல நாமே பொய்யாகச் சில எண்களை அடுக்கி, திரும்ப வேண்டிய முகவரியாக அதன் முதல் வரியை எழுதி வைப்போம். அதுவும் நம்பி அங்கிருந்து ஓடத் தொடங்கும்.

இயந்திரம் வந்த முதல் வாரமே தகராறு. திடீரென்று உமி நீக்கும் உருளைகள் வெறுமனே ஒன்றோடொன்று உரசி ரப்பர் கருகுகிறது, மெயினை இறக்கினால்தான் அடங்குகிறது என்று புகார் போனது. மேலாளர் மலை மின்சாரத்தைக் குற்றம் சொன்னார். மின்னழுத்தத்தைச் சீராக்கும் பெட்டி வந்தது. அதற்கும் அடங்கவில்லை. அடுத்தடுத்த மின்னஞ்சல்களில் குற்றம் மின்சாரத்திலிருந்து மனிதர்களுக்கு மாறியது. பெண்களுக்கு இயக்கத் தெரியவில்லையாம். ஒவ்வொரு வீட்டு மூட்டையையும் தனித்தனியாகப் போட்டு இயந்திரத்தைத் தொந்தரவு செய்கிறார்களாம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி ஓட்டி, பிறகு எடைப்படி பிரித்துக்கொள்ளச் சொன்னார்.

எங்கள் ஊரில் அது நடக்காது. புதுச் சாமையை முதலில் வீட்டுச் சாமிக்குப் பொங்கி வைக்கும்வரை வேறு வீட்டுத் தானியத்தோடு சேர்க்க மாட்டார்கள். அது போகட்டும், கல் பொறுக்கிக் காயவைத்த வீட்டுக்காரி, பொறுக்காத வீட்டுக் கல்லை எதற்குத் தின்ன வேண்டும்? இதைச் சொன்னபோது மேலாளர் தொலைபேசியில் சிரித்தார். இன்னொரு முறை தகராறு வந்தால் இயந்திரத்தைக் கீழே இறக்கி ஒடுகத்தூரில் வைத்துவிடுவதாகவும், புதன்கிழமை வண்டியோடு வருவதாகவும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உடனே மடிக்கணினியைத் திறந்து அவருக்கு மூன்று பக்கக் கண்டனம் எழுதினேன். மலை மக்களின் மாண்பு, சமவெளியின் ஆணவம் எல்லாம் அதில் வரும். ஒன்றரை நாள் ஆயிற்று. இயந்திரம் இருந்த கொட்டகை என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. அங்கே சிக்னல் கிடைக்காது என்பதால் நான் ஒருமுறைகூடப் போய் நின்று பார்க்கவில்லை. கண்டனத்தில் அந்த விவரம் வராது.

இயந்திரத்தை ஓட்டுபவர் என் அண்ணி. செவ்வாய்க்கிழமை காலையில் வீட்டுக்கு வந்து, மறுநாள் மிஷினை ஏற்ற வருகிறவர்களுக்கு மூன்று பக்கத்தைப் படித்துக்காட்டப் போகிறேனா என்று கேட்டார். பிறகு கையைப் பிடிக்காத குறையாகக் கொட்டகைக்கு இழுத்துப் போனார். வழியில்தான் கேட்டேன், எந்த நேரத்தில் இப்படிச் செய்கிறது என்று.

"ஒரு வூட்டது முடியும்போதெல்லாம்" என்றார்.

"இத ஏன் அண்ணி மொதல்லயே சொல்லல?"

"நீ கேட்டியா? வோல்டேஜ் எவ்ளோன்னு கேட்ட. ஒயரு சூடா கீதான்னு கேட்ட. போட்டா புடிச்சி அனுப்புன்னு சொன்ன. எப்பன்னு இப்பதான் கேக்குற."

கொட்டகையில் ஒரு வீட்டுச் சாமையைப் போட்டு, வீட்டு எண் பன்னிரண்டு என்று அமுக்கி, பச்சைப் பொத்தானைத் தட்டினார். அழகாக ஓடியது. கடைசி மணியும் இறங்கியதும் மோட்டார் அடங்கியது. நான் பெருமையோடு திரும்பிப் பார்ப்பதற்குள் மறுபடி உறுமிக்கொண்டு எழுந்தது. தானியமே இல்லாமல் உருளைகள் உரசின. திரையில் வீட்டு எண் ஐந்து லட்சத்துச் சொச்சம் என்று வந்தது.

அண்ணி மெயினை இறக்கினார். "நம்ம ஊர்ல நாப்பது வூடுதான் கீது" என்றார். "வேல முடிஞ்சா எங்க போவணும்னு அதுக்கு யாரும் சொல்லல போல. திரும்ப வேலைக்கே வருது பாவம்."



ஒவ்வொரு வீட்டு மூட்டைக்கும் ஓர் இழை பிறக்கிறது. வீட்டு எண்ணை வாங்கிக்கொண்டு ஓடுகிறது. வேலையை முடித்துத் திரும்புகிறது. எங்கே திரும்பும்? திரும்ப வேண்டிய முகவரி என்று நான் அதன் கையில் கொடுத்ததே ஒன்றுதான், அதன் முதல் வரி. ஆகவே மறுபடி முதல் வரிக்கே போகிறது. இந்த முறை வீட்டு எண்ணைக் கொடுக்க ஆள் இல்லாததால் கையில் அகப்பட்ட குப்பை எண்ணை எடுத்துக்கொள்கிறது. பிறப்பதற்கு அத்தனை ஏமாற்று வேலை செய்தவன், முடிந்தால் போய்ச்சேர ஓர் இடம் எழுதவில்லை. சென்னைச் சோதனைக்கூடத்தில் ஒரே குவியலைக் கொட்டி மதியம்வரை ஓட்டி, சாப்பிடப் போகும்போது மெயினை அணைப்போம். அங்கே எந்த இழையும் வேலையை முடித்ததே இல்லை. முடிக்கும் மனிதர்கள் மலையில்தான் இருந்தார்கள்.

மூன்று பக்கத்தை அழித்தேன். முடிந்த இழையை ஓரமாக ஒதுக்கிவிட்டு அடுத்ததற்கு மாறும் நான்கு வரியை எழுதினேன். சாயங்காலத்துக்குள் ஆறு வீட்டுச் சாமை குத்தியாயிற்று. ஒவ்வொன்றும் முடிந்து, மோட்டார் அடங்கி, அடங்கியபடியே இருந்தது.

புதன்கிழமை மேலாளர் வண்டியோடு, இயந்திரத்தைக் கட்டக் கயிறும் எடுத்துக்கொண்டு வந்தார். மூன்று வீட்டு மூட்டை ஓடும்வரை நின்று பார்த்தார். குறை ஒன்றும் இல்லை. அறிக்கைப் படிவத்தை எடுத்து, வண்டி முகப்பின் மேல் வைத்து, 'மின்னழுத்தக் கோளாறு, சரிசெய்யப்பட்டது' என்று எழுதினார். என்னைப் பார்த்துச் சிரிக்க வேறு செய்தார். இயந்திரம் இங்கேயே இருக்கட்டும் என்று எனக்கு உதவி செய்கிறாராம்.

சத்தியமாகச் சொல்கிறேன், அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. என் அழகான இருபது வரி காப்பாற்றப்பட்டுக்கொண்டிருந்தது. ஆனால் அந்தத் தாளில் மின்னழுத்தம் என்று இருந்தால், அடுத்த மழையில் ஒரு ஃபியூஸ் போனாலும் இதே வண்டி வரும், இதே கயிறு வரும்.

"வோல்டேஜ் இல்ல சார். நான் எழுதுன புரோகிராம்தான். முடிஞ்ச இழை எங்க திரும்பணும்னு நான் எழுதல."

அவர் பேனாவை நிறுத்தினார். "அப்ப மூணு வாரமா இவங்களக் குத்தம் சொன்னோமே?"

"நீங்க சொன்னீங்க. நான் வீட்ல உக்காந்திருந்தேன்."

பழைய வரியை அடித்துவிட்டு 'நிரல் பிழை' என்று எழுதினார். இயக்குபவர்கள் மேல் தவறில்லை, மூட்டைகளைத் தனித்தனியாகவே போடலாம் என்றும் எழுதுங்கள் என்றேன். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்றார். தவறு அவர்களுடையது என்று மூன்று மின்னஞ்சல் அனுப்பியபோது கட்டம் தேடினீர்களா என்று கேட்டேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. வேலை போனாலும் போகும் என்று தெரியும். அண்ணி கொட்டகையை விட்டு வெளியே வந்து, வண்டிக்கு முன்னால் நின்று முறத்தில் சாமை புடைக்க ஆரம்பித்தார். புடைக்க ஊரில் வேறு இடமே இல்லாததுபோல.

படிவத்தின் பின்பக்கத்தில் அந்த இரண்டு வரியை எழுத மேலாளருக்கு அரை மணி நேரம் பிடித்தது. அதற்குள் உள்ளே இன்னும் இரண்டு வீட்டுச் சாமை முடிந்திருந்தது. தனித்தனியாக.