டிக்கெட் எடுத்துப் பார்த்த எங்கள் வீடு

ஒன்பது வருடம் குடியிருந்த வீட்டுக்குள் போக, போன ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் எடுத்து வரிசையில் நின்றேன். திருவனந்தபுரம் கோட்டைக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் அந்த வீட்டில்தான் பெரிய வயலின் வித்வான் ஒருவர் பிறந்து, பத்து வயதுவரை வளர்ந்தாராம். இப்போது அது நினைவில்லம். எனக்குப் போக மனமில்லை. மகள் மீனாதான் விடவில்லை.

அம்பாசமுத்திரத்திலிருந்து நான் இங்குள்ள சாலைக் கடைவீதிக்கு ஜவுளிக்கடை வேலைக்கு வந்த காலத்தில், இந்த வீட்டைத் தடுத்து மூன்று குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஊரில் வாசல், கொல்லை என்று கால் நீட்டி வாழ்ந்த என் மனைவி லட்சுமிக்கு இங்கே ஓர் அறையும் அடுப்படியும்தான் கிடைத்தன. மழை பெய்தால் பாத்திரங்களைப் பரப்பிவைத்துவிட்டு அலுத்துக்கொள்வாள். "பெரிய மனுசன் பொறந்த வீடாம். ஒழுகாத மூலை ஒண்ணு உண்டா?" அப்படி ஒரு மழைநாள் மத்தியானம் அவளுக்குப் பிரசவ வலி எடுத்தது. சந்தில் முழங்கால் அளவு தண்ணீர், ஆட்டோ வரவில்லை. பக்கத்து வீட்டு நர்ஸ் சேச்சி ஓடி வந்தாள். மீனா இந்த அறையில்தான் பிறந்தாள். பிறகு நினைவில்லம் ஆக்க வேண்டும் என்று எங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். லட்சுமி போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது.

தடுப்புகள் இப்போது இல்லை. அடுப்புக்கரி படிந்த சுவரைச் சுரண்டி வெள்ளையடித்துவிட்டார்கள். வித்வான் வாழ்ந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே மீட்டிருக்கிறார்களாம். எங்கள் அறையில் ஒரு குத்துவிளக்கு எரிந்தது. சுற்றிக்காட்டும் பெண் பக்தியோடு சொன்னாள்: "இவிடெயாணு அத்தேஹம் ஜனிச்சது." அவர் பிறந்தது இங்கேதானாம்.

மீனா என் காதருகே குனிந்தாள். "அப்பா, நானும் இவிடெத்தானே?"

தலையாட்டினேன். என்னை அறியாமல் அந்தப் பெண்ணிடம், "நான் இங்கதாம்மா இருந்தேன்" என்றேன்.

அவள் முகம் இளகியது. "இரிக்கணோ அங்கிளே?" என்று கேட்டுவிட்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்தாள். மலையாளத்தில் இருப்பது என்றால் உட்காருவது; நான் உட்கார இடம் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டாள். இத்தனை வருடம் இங்கே பிழைத்தும் அவசரத்தில் என் வாய்க்குத் தமிழ்தான் வருகிறது.

"அப்பா, நான் பறயட்டா?" என்றாள் மீனா. அவள் சொன்னால் புரியும். அவளுக்கு இது சொந்த பாஷை.

"வேண்டாம்மா." யாரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஊருக்குப் போனால் என்னைத் திருவனந்தபுரத்துக்காரர் என்கிறார்கள். இங்கே நான் தமிழ்நாட்டு அண்ணாச்சி. இரண்டையும் திருத்திச் சொல்லித் திருத்திச் சொல்லி அலுத்துவிட்டது.

பாய் விரித்து லட்சுமி படுத்திருந்த இடத்தில் நாற்காலி போட்டிருந்தாள் அந்தப் பெண். உட்கார்ந்தேன். மீனா என் தோளில் கை வைத்து நின்றாள். சற்று நேரத்தில் அடுத்த கூட்டம் உள்ளே நுழைந்தது. நான் எழுந்து, நாற்காலியைச் சுவரோரம் நகர்த்தி, அவர்களுக்கு வழி விட்டேன்.