மும்தாஜ் தொட்டியில் வீங்கிய மூன்று மீன்கள்

நடந்தவை, வரிசையாக:

1. மஞ்சள் காமாலை வைரஸின் ஒரு ஜீனை ஜீப்ரா மீன் முட்டைக்குள் ஊசியால் செலுத்தினோம். அந்த ஜீன் மீனின் ஈரலில் கட்டியை வளர்க்கிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் கோவை லேபின் வேலை.
2. முட்டைகளை நானும் என்னோடு வேலை செய்யும் மும்தாஜும் பாதிப் பாதியாக எடுத்துக்கொண்டோம்.
3. என் முட்டைகளில் பெரும்பாலானவை மறுநாளே வெளுத்துச் செத்தன. அவளுடையவை பிழைத்து மீன்களாயின.
4. மாதங்கள் கழித்து, அவள் தொட்டியில் மூன்று மீன்களுக்கு வயிறு வீங்கியது.
5. பெங்களூரில் மேற்பயிற்சிக்கு ஒருவருக்குத்தான் இடம் என்று லேபின் தலைவரான சார் சொன்னார்.

மும்தாஜின் அப்பா வாட்ச் ரிப்பேர் செய்பவர். சின்ன வயதிலிருந்தே அவள் கையில் ட்வீசர் இருந்திருக்கிறது. முட்டை ஒரே செல்லாக இருக்கும் கொஞ்ச நேரத்துக்குள் ஊசி போட்டாக வேண்டும். மூடியிருக்கும் கண்ணாடி ஊசி முனையை ட்வீசரால் உடைத்துத்தான் திறக்க வேண்டும். நான் உடைத்தால் அகலமாகி முட்டையைக் கிழித்துவிடும். அவள் உடைத்தால் முடி மாதிரி இருக்கும். வெள்ளகோவிலிலிருந்து வந்து, எம்.எஸ்சி.யில் முதல் ரேங்க் வாங்கியவள் நான். அவள் மைக்ரோஸ்கோப்பில் குனியும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது.

வீக்கத்தைப் பார்த்ததும் சார் குதித்தார். "கட்டியேதான் கண்ணு! மூணு மீனுக்குன்னு பெங்களூருக்கு எழுதிப்போடறேன்."

எனக்கு ஒன்று உறைத்தது. முட்டை வேண்டாத சமயத்தில் ஆண் மீன்களையும் பெண் மீன்களையும் தனித்தனித் தொட்டியில் வைப்பது எங்கள் வழக்கம். வீங்கிய மூன்றும் பெண்கள். வாரக்கணக்கில் ஆண் இல்லாமல் இருந்தவை.

"சார், இடாத முட்டை வயித்துலயே தங்கியிருந்தாலும் இப்படித்தானுங்க வீங்கும். ஆண் மீனோட உட்டுப் பாத்துப்போட்டு எழுதலாமுங்க" என்றேன். மூன்றிலும் முட்டையாகவே இருக்க வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன்.

மூன்றையும் தனித்தனித் தொட்டியில் ஆணோடு விட்டோம். மறுநாள் காலையில் இரண்டு தொட்டிகளின் அடியில் முட்டைகள் கிடந்தன. அந்த இரண்டு மீன்களின் வயிறும் ஒட்டிப் போயிருந்தது.

மும்தாஜ் தொட்டியையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "ஏம்புள்ள சாந்தி, இன்னைக்கு உனக்குச் சோறு நல்லா எறங்குமே?"

"மூணாவதும் கொறையட்டும். இன்னும் நல்லா எறங்கும்."

"அடிப்பாவி, வாய்விட்டே சொல்றியா!" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது மீன் குறையவில்லை. இன்னும் சில நாள் பார்த்தோம், முட்டையும் இடவில்லை. அறுத்துப் பார்க்கும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். ஈரலில் கட்டி இருந்தது. ஒரு பாதியை மெல்லிசாகச் சீவி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் செக்‌ஷனுக்கும், மறு பாதியை ஜீன் இருக்கிறதா என்று காட்டும் பி.சி.ஆர் சோதனைக்கும் அனுப்பினேன். செக்‌ஷனில் ஈரல் செல்கள் தாறுமாறாகப் பெருகியிருந்தன. பி.சி.ஆரில் வைரஸ் ஜீனின் பட்டை பளிச்சென்று தெரிந்தது. அப்போதும் விடவில்லை. வெறும் கரைசலை ஊசி போட்டு வளர்த்த கன்ட்ரோல் மீன்களின் ஈரலையும் பார்த்தேன். எல்லாம் சுத்தமாக இருந்தன.

சார் ஸ்லைடைவிட்டு நிமிர்ந்தார். "மூணுன்னு எழுதியிருந்தா மானம் போயிருக்கும். ஒண்ணுன்னு எழுதுனா ஒருத்தனும் அசைக்க முடியாது. நீ நல்லாத்தான் நோண்டியிருக்கற, அம்மணி." பிறகு மும்தாஜ் பக்கம் திரும்பினார். "பெங்களூருக்கு நீ பொட்டியக் கட்டு."

அவள் பெட்டியின் ஒரு பக்கத்தை நான் பிடித்துப் போத்தனூரில் ரயில் ஏற்றிவிட்டேன்.

லேபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: உங்களுக்குப் பிடித்த முடிவு வந்தால், அது பொய்யாக வேண்டும் என்று நினைக்கும் ஆளிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அந்த ஆள் எதையும் விடமாட்டார்.

இன்றைய நிலை: மும்தாஜ் பெங்களூரில் இருக்கிறாள். கட்டி வந்தது ஒரு மீனுக்கு மட்டும். வைரஸ் ஜீன்தான் காரணம் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அவளுடைய மற்ற மீன்களின் குஞ்சுகளுக்கும் கட்டி வருகிறதா என்று பார்க்க, அவற்றை நான் வளர்க்கிறேன். என் ஊசி முனை இன்னும் அகலமாகத்தான் உடைகிறது. பொறாமையும் அப்படியே இருக்கிறது.