அட்டமியில் பார்த்த நிலம்

அன்று அங்கே நின்றவர்கள் நான்கு பேர்: நான், ஆறு மாதக் கர்ப்பிணியான என் மனைவி, அவளுடைய அண்ணன், தாராவி ஓரத்தில் அந்தத் துண்டு நிலத்தை விற்க வந்த ஆள். அறுபதுகளின் தொடக்கம். மாகிமிலிருந்து சயான் பக்கம் உப்பங்கழி நீண்டு கிடந்தது. அதன் கரையில் முதலில் மீனவர்கள் குடியிருக்கும் கோளிவாடா, அப்புறம் தோல் பதனிடும் ஷாப்புகள், அப்புறம் திருநெல்வேலிச் சீமைக்காரர்களான நாங்கள். சதுப்பில் குப்பையும் கட்டட இடிசலும் கொட்டிக் கொட்டித்தான் அந்த ஊருக்குத் தரை வந்தது.

"எப்படிக் காஞ்சு கெடக்கு, பாரும் மாப்ள" என்றார் மச்சான், தரையை உதைத்துக் காட்டி.

"மழை வந்தா?" ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான், எதற்கும் பயம்.

"மழைக்கு இன்னும் நாலு மாசம் கெடக்கு. ஒமக்குத்தான் கல்யாணத்தன்னைக்கே பந்தல் விழுந்துருமோன்னு பயமாச்சே!"

விற்றவன் சிரித்தான். அவள் மட்டும், "பச்சப் பிள்ளைய ஈரத்துல போட முடியாதுண்ணே" என்றாள்.

நாங்கள் வானம் பார்த்த பூமிக்காரர்கள். தண்ணீர் மேலேயிருந்து வரும், குளத்தில் நிற்கும், வற்றும்; அவ்வளவுதான் தெரியும். நிலம் பார்த்தது அட்டமியன்று, கடல் அடங்கிக் கிடக்கும் நேரம். அதை வாங்கி, தோல் கழிவும் மண்ணும் கொட்டி, மிதித்து, குடிசை போட்டோம். அமாவாசை மத்தியானம், வானத்தில் ஒரு மேகம் இல்லை, தரை கசிந்தது. கொஞ்ச நேரத்தில் அடுப்பு கரைந்துவிட்டது. தோல் துண்டுகள் ஊறி நாறின.

மீன் கூடையோடு போன கோளிவாடாக்காரி ஒருத்தி, "அமாவாஸ்யா ஹை நா!" என்று சிரித்தாள். மச்சான் இந்தியில் விசாரித்துவிட்டு வந்தார். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் இப்படி ஏறுமாம். அதைச் சொல்லும்போது என் முகத்தை அவர் பார்க்கவில்லை. விற்றவன் எங்களை ஏமாற்றினானா, அவனுக்கும் தெரியாதா, இன்றுவரை விளங்கவில்லை.

மனைவி கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். "நான் ஊருக்குப் போறேன். தரை காஞ்ச பெறவு எழுதிப் போடுங்க, பிள்ளையோட வாறேன்."

அனுப்பிவைத்தேன். கடனுக்கு லாரி சொல்லி, இடிசல் அடித்து, தரையை முழங்கால் உயரம் ஏற்றினேன். அது அமுங்கியது. மறுபடி ஏற்றினேன். மகள் பிறந்த செய்தி வந்த அன்று தரையில் கை வைத்துப் பார்த்தேன்; ஈரம். வரச்சொல்லி எழுதவில்லை. லாரிக்காரருக்குத் தொண்ணூறு ரூபாய் பாக்கி நின்றது.