நோட்டில் எழுதாமல் விட்டது

ஆறு மாதமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. கவளம் தொண்டையில் நின்றுகொள்ளும். தண்ணீர் குடித்துத்தான் தள்ள வேண்டும். அப்பா தொண்டைப் புற்றுநோயில் போனவர். எனக்கும் அதுதான் என்று முடிவே கட்டிவிட்டேன். பெரிய மருத்துவமனையில் குழாய் விட்டுப் பார்த்து, ஒன்றுமில்லை என்றார்கள். சந்தோஷப்பட வேண்டியவள், எரிச்சல்பட்டேன். ஒன்றுமில்லாததற்கா எட்டுக் கிலோ இளைப்பேன்?

அதன் பிறகு போன கிளினிக்கில் இருந்த டாக்டர் சின்னப் பெண். "என்னைக்கு அடைக்குது, என்ன சாப்பிட்டீங்க, பக்கத்துல யாரு இருந்தாங்க, எல்லாத்தையும் ஒரு மாசம் எழுதிட்டு வாங்கக்கா" என்றார்.

நாள்காட்டித் தாள்களின் பின்பக்கம் எழுதி வைத்தேன். தோட்ட ஆபீசில் இருபது வருடமாகக் கணக்கெழுதும் கிராணி வேலை பார்க்கும் எனக்கு, அந்தக் கிறுக்கலை அப்படியே நீட்ட மனம் வரவில்லை. கோடு போட்டுப் புது நோட்டில் அழகாகப் பெயர்த்தெழுதினேன். ஆட்களை மட்டும் விட்டுவிட்டேன். வீட்டு விஷயம் டாக்டருக்கு எதற்கு?

நோட்டைப் புரட்டியவர் சிரித்துவிட்டார். "அழகா இருக்குக்கா. ஆனா ஆளையே காணோமே. மொதல்ல எழுதுன தாளு இருக்கா?"

கைப்பையில்தான் இருந்தது. மேசையில் பரப்பினார். அதிகம் அடைத்தது ஞாயிற்றுக்கிழமைகளில். ஞாயிறுதோறும் சுங்கை பெசாரிலிருந்து அண்ணன் வருவார். என் வீட்டில் நாலு வருடமாகப் படுக்கையில் இருக்கும் அம்மாவை எட்டிப் பார்ப்பார். சாப்பிடுவார். "உன்ன மாதிரி பொறுமை யாருக்கு வரும்?" என்பார். நான் "பரவால்லண்ணே" என்பேன்.

"நீங்க நடிக்கல. அடைக்கிறது நெசந்தான்" என்றார் டாக்டர். "எதையும் வெளிய சொல்லாம வச்சுக்கிறவங்களுக்குச் சில நேரம் ஒடம்பு இப்படிக் காட்டும்லா."

பொறுமையைப் போய் நோய் என்கிறாளே என்று எனக்குச் சுருக்கென்றது. வீடு வரும்வரை மனதுக்குள் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

அடுத்த ஞாயிறு அண்ணன் சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னேன். "அண்ணே, அடுத்த மாசம் அம்மா ஒங்க வீட்ல இருக்கட்டும். என்னால முடியல." "அண்ணிகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று அவர் சீக்கிரமே கிளம்பிவிட்டார். அன்று எனக்குச் சோறு இறங்கியதா என்று கேட்காதீர்கள். பாதிதான் இறங்கியது.

அம்மாவுக்குக் கஞ்சி எடுத்துப் போகப் பயமாக இருந்தது. பாரம் என்று தள்ளிவிடுகிறேன் என நினைத்திருப்பாரே.

"நீ பேசுனது கேட்டுச்சு" என்றார் அம்மா. "மவன் வீட்ல கொஞ்ச நாளு இருக்கணும்னு எனக்கும் ரொம்ப நாளா ஆசதான். நீ மனசு நோவியேன்னு சொல்லல."

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைத் திட்டினேன், நாலு வருடத்தில் முதல் முறையாக.