சோப்பு டப்பாவுக்குள் இருந்த கம்மல்

அந்தப் பள்ளிக்கூடத்துப் பெண்கள் கால்பந்து அணிக்குச் சட்டை துவைக்கிறவளை எல்லோரும் சலவையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினொரு வருஷமாக இதே வேலை. எவள் எந்தப் பக்கம் விழுந்தாள் என்று சேற்றுக்கறையைப் பார்த்தே சொல்லிவிடுவாள். ஆட்டத்துக்கு முன்னால் கம்மல், மோதிரம் எல்லாம் அவளுடைய பழைய சோப்பு டப்பாவுக்குள் வந்துவிட வேண்டும். அது அவள் போட்ட சட்டம்.

இறுதி ஆட்டத்தில் ஒன்றுக்கு ஒன்று சமம். இருபது நிமிஷம் பாக்கி. பட்டாசு என்று பேர் வாங்கிய பெண் பந்தை முட்ட எகிறினாள், எதிரணிக்காரியும் எகிறினாள். பந்து தப்பித்துக்கொண்டது, தலைகள்தான் முட்டிக்கொண்டன.

பட்டாசு எழுந்துவிட்டாள். ஆனால் மூக்கு ரத்தம் சட்டையில் சொட்டியிருந்தது. ரத்தக்கறையோடு ஆட விடமாட்டார்கள். மாற்றுச் சட்டைக்காக வெளியே வந்தாள்.

அணிக்குப் பயிற்சி கொடுக்கும் மாஸ்டர் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். தலையில் அடிபட்டால் கேட்க வேண்டிய கேள்விகள்.

"எந்த வகுப்பு? பள்ளிக்கூடத்துப் பேர் என்ன? மாசத்தையெல்லாம் பின்னாலேர்ந்து சொல்லு."

கடகடவென்று ஒப்பித்தாள்.

"தெளிவா இருக்கா. அக்கா, சட்டையக் குடுங்க."

"முட்டி சிராய்ச்சாக்கூட இதையேதான கேக்கறீங்க மாஸ்டர்? பெஞ்சுல தூங்கறவளுக்கே மனப்பாடம்," என்றாள் அக்கா. பட்டாசு வெயிலைப் பார்க்க முடியாமல் கண்ணை இடுக்கிக்கொண்டிருந்ததை அவள் அப்போதே கவனித்துவிட்டாள். "ஏண்டி, உன் கம்மல் எங்க?"

பட்டாசு காதைத் தொட்டுப் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது. "விழுந்துடுச்சு போலக்கா. அம்மா தோலை உரிச்சிடுவாங்க." உடனே குனிந்து புல்லுக்குள் தேட ஆரம்பித்தாள். ஒரு மணி நேரத்துக்கு முன் அவளேதான் கழற்றி டப்பாவில் போட்டிருந்தாள்.

அக்கா சட்டையை மடித்துப் பெஞ்சில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"அக்கா, கோப்பை கையில வர்ற நேரம். விளையாடாதீங்க," என்றார் மாஸ்டர்.

"வந்தா அதையும் நான்தான் துலக்கணும். எந்திரிக்க மாட்டேன்."

வாய்தான் பேசியது. மனசு கணக்குப் போட்டது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால் தோற்ற பழி அவள் தலையில்தான் விழும்.

"ஸ்கோர் என்ன மாஸ்டர்?" என்றாள் பட்டாசு. சொன்னார். தண்ணீர் குடித்தாள். "மாஸ்டர், ஸ்கோர் என்ன?"

மாஸ்டர் அட்டையைப் பைக்குள் போட்டுவிட்டு வேறொருத்தியை இறக்கினார். இரண்டுக்கு ஒன்று என்று தோற்றார்கள்.

மூளை குலுங்கியிருக்கிறது, இன்னொரு அடி விழுந்திருந்தால் பெரிய ஆபத்தாகியிருக்கும் என்றார் டாக்டர். முதலில் ஓய்வு, பிறகு நடை, பிறகு ஓட்டம், பந்தை முட்டுவது கடைசியில்தான். நடுவில் தலை வலித்தால் ஒரு படி கீழே இறங்க வேண்டும். பட்டாசு இரண்டு தடவை இறங்கினாள். ஒரு வாரம் அக்காவோடு பேசவில்லை. "சட்டைத் திருடி" என்று பட்டமும் வைத்தாள். அக்காவா அசருவாள்?

ஆறாவது வாரம் பட்டாசு டாக்டர் கொடுத்த சீட்டோடு வந்து நின்று, கம்மலைக் கழற்றினாள். மாஸ்டர் இப்போதெல்லாம் அட்டையை மட்டும் நம்புவதில்லை. அன்றைக்கு என்ன கேட்கலாம் என்று அக்காவிடம்தான் விசாரிக்கிறார்.

"கம்மல் எங்கடி?"

"இன்னும் டப்பாவ மூடவே இல்ல, அதுக்குள்ளயா? உங்க மடியிலதான் இருக்கு." அக்கா நீட்டிய சட்டையை உதறிப் பார்த்தாள். "என்னக்கா, இப்படிக் கசங்கியிருக்கு?"

"நான் உக்காந்த மடிப்பு. நாலு தடவை தேய்ச்சாச்சு, போகல. போட்டுக்கிட்டு ஓடு."